சீக்காளியின் பக்கத்து நாற்காலி

சீக்காளியின் தம்பி மனைவி அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது, கல்யாணம் முடிந்து புருஷன் வீட்டில் பெட்டியை இறக்கிவைத்த அன்று. பக்கத்து வீட்டுக்காரி தலையை நீட்டி, சீக்காளி இன்னும் வரவில்லையா என்று கேட்டாள். வரும் நேரம்தான் என்றான் புருஷன். புருஷனுக்குக் கூடப்பிறந்த அக்கா ஒருத்தி உண்டு என்று சொன்னார்களே தவிர, அவள் சீக்காளி என்று ஒருவரும் மூச்சு விடவில்லையே. மருந்து புகட்டவும் பாய் படுக்கை அலசவும்தான் நம்மைக் கட்டிக்கொண்டு வந்தார்களோ என்று புதுப்பெண் நின்ற இடத்திலேயே நொந்துகொண்டாள்.

வந்தவளோ வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் கேஸ் சிலிண்டர், தோளில் காய்கறிப் பை. சிலிண்டரைப் பிள்ளையை இறக்குவதுபோல் இறக்கிவிட்டு, "இன்னைக்கு எனக்குப் பித்தப்பையில கல்லு. மூணு பேரு வயித்தை அமுக்கிப் பாத்தாங்க. மூணு பேருக்கும் கை ஐஸு மாதிரி" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஜன்னல் கதவு ஆடியது.

சீக்காளிக்கு வேலையே சீக்காளியாக இருப்பதுதான். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் ஒரு பயிற்சிக் கல்லூரி. நர்சுகளும் டாக்டர்களும் வேறு வேறு தேசங்களுக்குப் போவதற்கு முன்னால் அங்கே வந்து படிப்பார்கள். வேறு தேசத்திலிருந்து வந்து சேர்ந்த ஜனங்களுக்கு இங்கேயே வைத்தியம் பார்க்கப்போகிறவர்களும் வருவார்கள். ஊசி போடவும் நாடி பிடிக்கவும் வேறு எங்கோ கற்றிருப்பார்கள். இங்கே கற்பது வேறு. அந்தப் பயிற்சிக்குத் தலைவியான டாக்டரம்மா முதல் வகுப்பில் எப்போதும் சொல்வது: நோய் எல்லா ஊரிலும் ஒன்றுதான், அதைச் சொல்லுகிற வாய்தான் ஊருக்கு ஊர் வேறு. அந்த வாய்களையெல்லாம் வாடகைக்குக் கொடுத்தவள் சீக்காளி.

முதலில் அவள் அங்கே கூட்டிப் பெருக்கத்தான் போனாள். அவளைக் கட்டினவன் கப்பலில் வேலைக்குப் போய், கரையேறிய இடத்திலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். பிள்ளை குட்டி இல்லை. தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். ஒருநாள் நோயாளியாக நடிக்க வேண்டியவள் வராமல் போக, துடைப்பத்தோடு நின்றவளைப் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். அன்றைக்கு அவள் முனகிய முனகலைக் கேட்டு, அடுத்த அறையில் இருந்த கணக்கர் ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டாராம். அதோடு துடைப்பம் கைமாறியது.

அதன்பிறகு அவளுக்கு வராத வியாதி இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றும் புரிந்துகொள்ளாத நோயாளியாக இருப்பாள். ஆண் டாக்டர் முன்னால் மேல்துணியை விலக்க மாட்டேன் என்பாள். வலி என்ற சொல்லைச் சொல்லாமல், நெஞ்சுக்குள் எறும்பு ஊருகிறது என்பாள். வீட்டில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டே முனகிப் பழகுவாள். தம்பி வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, இன்னைக்குப் பிரசவமா, பல்வலியா?" என்று கேட்பான். அவன் சாப்பாட்டில் உப்புக் குறை சொன்னால், அக்கா தட்டை இழுத்துக்கொண்டு, உனக்கு ரத்தக்கொதிப்பு, இனிமேல் உப்பே கிடையாது என்று டாக்டர் குரலில் சொல்லிவிடுவாள். நாத்தனார் என்றால் நாலு முழம் நாக்கு என்று கேட்டு வளர்ந்த தம்பி மனைவிக்கு, இப்படி ஒருத்தி வாய்த்ததே பெரிய அதிசயம். அம்மா வீட்டு ஞாபகம் வந்து அவள் முகம் வாடினால், சீக்காளி அருகில் வந்து உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் தலையை வாரிவிடுவாள்.

கல்லூரியில் அவள் படுக்கும் அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு மேஜை, நாற்காலிகள், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அந்தக் கண்ணாடியில் தங்கள் முகம்தான் தெரியும். பின்னால் இருட்டறையில் உட்கார்ந்து டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு நடிப்பும் முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. அதைக் கழற்றல் என்பார்கள். டாக்டரம்மா உள்ளே வந்து, சீக்காளியின் மேலே போட்டிருந்த சால்வையை வாங்கி மடிப்பாள். வேறு நாற்காலிக்கு மாறி உட்காரச் சொல்வாள். பிறகு, வீட்டுக்குப் போய் என்ன வேலை இருக்கிறது என்று கேட்பாள். சீக்காளி தன் சொந்தக் குரலில் அரிசி ஊறுவதையோ துணி காய்வதையோ சொல்ல வேண்டும். சொன்னால்தான் வேஷம் இறங்கியது என்று அர்த்தம். கழற்றாமல் யாரையும் வாசல் தாண்ட விட மாட்டார்கள். இன்னொருவரின் துக்கத்தைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறக்கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை.

அப்படிக் கட்டுத்திட்டமாக நடந்த இடத்தில்தான் அந்தப் புதுப் பாத்திரம் வந்தது.

டாக்டரம்மா தானே எழுதிய பாத்திரம். தூரதேசத்துப் பெண் ஒருத்தி. மகள் இறந்து சில மாதம். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். வந்ததும் தனக்கு ஒரு நாற்காலி, மகளுக்கு ஒரு நாற்காலி கேட்கிறாள். பேச்சுக்கு நடுவே பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்து எதையோ கேட்டுக்கொள்கிறாள். அவள் பிறந்த மண்ணில், செத்தவர்கள் உடனே போய்விடுவதில்லை. போக மனம் வரும்வரை வீட்டாரோடு இருப்பார்கள். அங்கே அது துக்கத்தில் சேர்த்தி, பைத்தியத்தில் சேர்த்தி இல்லை. பயிற்சிக்கு வந்தவர் அங்கே யாரும் இல்லையே என்று சொன்னால் தோல்வி. அந்த நாற்காலியில் பையை வைத்தாலும் தோல்வி. ரொம்ப நல்லவராக வேஷம் போட்டு, எனக்கும் உங்கள் மகள் தெரிகிறாள் என்று காற்றைத் தடவிக் கொடுத்தால் அதுவும் தோல்விதான். உங்கள் மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பிறகு தூக்கத்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

தொடக்கத்தில் சீக்காளி வீட்டுக்கு வந்து அதையும் சிரிப்பாகத்தான் சொன்னாள். ஒரு டாக்டர் தன் கனமான பையை அந்த நாற்காலியில் வைத்தானாம். "என் மக மடியில வச்சிட்டான். அவ முறைச்ச முறையைப் பாக்கணுமே" என்றாள். தம்பிக்குப் புரையேறியது. அந்த மழைக்காலம் போய் வெயில் வந்த பிறகும் அதே பேச்சு இருந்தது, சிரிப்பு மட்டும் இல்லை. இன்றைக்கு அவளுக்கு அலுத்துப்போச்சு, கால் வலிக்குதாம் என்று துவையல் அரைத்துக்கொண்டே சொல்வாள். யாருக்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நடிப்பின் ஒட்டு, தானாக உதிரும் என்று விட்டுவிட்டார்கள்.

கல்லூரியிலும் சின்னச் சின்னதாக ஏதோ நடந்தது. எல்லாம் பின்னால் தெரிய வந்தவை. பயிற்சி முடித்த ஆட்கள் போகும்போது அந்தக் காலி நாற்காலிக்கும் தலையசைத்துவிட்டுப் போனார்கள். அப்படிச் செய்ய யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு பருத்த டாக்டர், நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே தாராளமாக வழி இருந்தும், உடம்பைக் குறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தான். ஏன் என்று கேட்டதற்கு, கால் இடித்துவிடும் என்று சொல்லிவிட்டு, யார் கால் என்று தானே விழித்தான். அறையைத் துடைக்கிறவள், சாயங்காலம் துடைக்கும்போது ஒரு நாற்காலி மட்டும் ஆள் எழுந்துபோன மாதிரி வெதுவெதுப்பாக இருக்கிறது என்றாள். பக்கத்தில் ஹீட்டர் கீட்டர் இருக்கும் என்றார்கள். அந்த அறையில் ஹீட்டர் கிடையாது.

தம்பி மனைவிக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. நாத்தனாரும் அவளும் ஒருநாள் கடைத்தெருவுக்குப் பஸ்ஸில் போனார்கள். சீக்காளி வழக்கத்துக்கு மாறாக ஒடுங்கி உட்கார்ந்து, தனக்கும் தம்பி மனைவிக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டிருந்தாள். கண்டக்டர் வந்தார். எதையும் கேட்கவில்லை. மூன்று டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேர்தானே என்று தம்பி மனைவி சொல்ல, கண்டக்டர் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சீக்காளி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு நாலு நாற்காலி. சுவரோரத்து நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. மடித்த துணி அதில்தான் கிடக்கும். ஒருநாள் பட்டப்பகலில், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, தம்பி மனைவி அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். துணியெல்லாம் தரையில் இருந்தது. விழுந்து கிடக்கவில்லை, மடிப்புக் குலையாமல், ஓரம் பார்த்து அடுக்கியிருந்தது. நாற்காலி மேஜையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, யாரோ உட்காருவதற்கு இழுத்துப்போட்டது போல இருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு மறதி சகஜம், நான்தான் வைத்திருப்பேன் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு துணியை மீண்டும் நாற்காலியில் வைத்தாள். அப்போதுதான் ஒன்று அவளுக்கு உறைத்தது. அதுவரை எட்டி எட்டி உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை, அவள் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் அடங்கிவிட்டது. சமையலறைக்குத் திரும்பினாள்; உதைத்தது. மறுபடி கூடத்துக்கு வந்தாள், அடங்கியது. ஒளிந்துகொள்கிறது போல இருந்தது.

சாயங்காலம் நாத்தனாரும் அவளும் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். சீக்காளி நாரை உரித்துப் போட்டபடி, சாதாரணமாக, "பாப்பா வந்தா நான் எங்க உக்கார்றதுன்னு கேக்குறா" என்றாள்.

"யாருக்கா?"

"என் மகதான்."

தம்பி மனைவி நிமிர்ந்தாள். நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். வேஷம் போடும்போது அந்த முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும். மாறவில்லை. தலை வாரிவிடுகிற அதே முகம்.

புருஷனிடம் சொன்னாள். அக்கா நடிப்புக்காரி, உன்னை விளையாட்டுக் காட்டுகிறாள் என்று அவன் மழுப்பினான். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவனும் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்ததை அவள் கவனித்தாள். நாள் போகப் போகப் பிள்ளையின் அசைவு கூடத்தில் மட்டும் என்றில்லாமல், படுக்கையறையிலும் குறைந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள்; துடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். வீட்டு வாசற்படி ஏறியதும் வயிறு கல்லாகிவிடும். வேறு யாராவது என்றால் மந்திரம் தந்திரம் என்று ஓடியிருப்பார்கள். அவள் யோசித்துப் பார்த்தாள். இது எங்கே தொடங்கியதோ அங்கேதான் போய்க் கேட்க வேண்டும். நாத்தனாருக்கு வேலை இல்லாத நாளாகப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள்.

டாக்டரம்மா நரைத்த தலை, மெலிந்த உடம்பு. சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டாள். சிரிக்கவில்லை, இது கர்ப்பகாலப் பயம் என்றும் சொல்லவில்லை. கழற்றல் ஒருநாளும் தவறியதில்லை என்றாள். சால்வையை வாங்குகிறேன், நாற்காலி மாற்றுகிறேன், வீட்டு வேலையைக் கேட்கிறேன், அவளும் சொல்கிறாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தவள், பாதியில் நின்றுவிட்டாள்.

"அம்மாவைத்தான் ஒவ்வொரு தடவையும் கழட்டி அனுப்புறோம். அந்தப் பொண்ணை வான்னு கூப்பிட்டு உக்கார வச்சோம். போன்னு ஒருநாளும் சொல்லலையே."

இத்தனை தேசம் பார்த்தவள், எத்தனையோ பேருக்குப் பாடம் சொன்னவள், அதைச் சொல்லிவிட்டுப் பயிற்சிப் பட்டியலை எடுத்துத் திருத்தத் தொடங்கினாள்.

மறுநாள் காலையில் அந்தப் பாத்திரத்தை மறுபடி நடத்த ஏற்பாடானது. சீக்காளியிடம் வழக்கமான பயிற்சி என்று மட்டும் சொன்னார்கள். நோயாளியைப் பார்க்க ஒரு புது நர்ஸ். நெடுநெடுவென்று வளர்ந்தவள், முந்தின வாரம்தான் வந்து சேர்ந்தவள், எதுவும் தெரியாது. தம்பி மனைவியைக் கண்ணாடிக்குப் பின்னால் இருட்டறையில் டாக்டரம்மாவோடு நிற்க வைத்தார்கள். அவள் வந்திருப்பது சீக்காளிக்குத் தெரியாது.

சீக்காளி சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். இரண்டு நாற்காலி கேட்டாள். நர்ஸ் போட்டாள். தூக்கம் எப்படி என்று கேட்டாள், பதில் வந்தது. சாப்பாடு எப்படி என்றாள்; அதற்கும் வந்தது. பிறகு அந்த நர்ஸ் பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல், தாயை மட்டும் பார்த்து, படித்தபடியே கேட்டாள்: "உங்க மக என்ன சொல்றா அம்மா?"

சீக்காளி சாய்ந்து கேட்டாள். தலையாட்டினாள்.

"அத்தை ஏன் கண்ணாடிக்குப் பின்னால நிக்கிறாங்கன்னு கேக்குறா."

தம்பி மனைவி கண்ணாடியை விட்டுப் பின்னால் நகர்ந்தாள். அம்மாவின் தம்பி மனைவி அத்தைதானே. உறவு முறை பிசகவில்லை. அவளை அதுவரை யாரும் அத்தை என்று கூப்பிட்டதில்லை. பயந்து நடுங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், கூப்பிட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் நிற்கிறோமே என்று மனசின் ஒரு ஓரம் கூசியதாம்.

டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு அறைக்குள் போனாள். சால்வையை வாங்கி மடித்தாள். சீக்காளியை வேறு நாற்காலிக்கு மாற்றினாள். வீட்டுக்குப் போய் என்ன வேலை என்று கேட்டாள். துணி ஊறுகிறது, அலசிப் போட வேண்டும் என்று சீக்காளி தன் சொந்தக் குரலில் சொன்னாள். வேஷம் இறங்கிவிட்டது. டாக்டரம்மா அப்படியே காலி நாற்காலியின் பக்கம் திரும்பி, குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் கேட்டாள்: "உனக்கு வீட்டுக்குப் போய் என்னம்மா வேலை இருக்கு?"

புது நர்ஸ் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். வேஷம் கழன்ற சீக்காளி பேசாமல் இருந்திருக்கலாம். அவள் அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"வீடு இல்லையாம். ராவோட ராவா தண்ணி வந்து எடுத்துட்டுப் போயிருச்சாம். பைத்தியம்னு அம்மாவைப் பூட்டி வச்ச அறையில நாற்காலியே இல்லை, நின்னுக்கிட்டே இருந்தேன்னு சொல்றா."

டாக்டரம்மா மடித்த சால்வையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுதிய பாத்திரத்தில் மகள் இறந்தாள் என்று மட்டும்தான் இருந்தது. எப்படி என்று இல்லை. தண்ணீரைப் பற்றி இல்லை. பூட்டிய அறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இளவயதில் அவள் ஏதோ ஒரு தேசத்து அகதி முகாமில் வேலை பார்த்தாள் என்று கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். அங்கே யாரைப் பார்த்தாள், எந்த அறையை யார் பூட்டச் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. அன்றைக்கு யாரும் கேட்கவும் இல்லை.

அறை வாசல்வரை வந்தது தம்பி மனைவிதான். வாசலைத் தாண்ட அவளுக்குத் துணிவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, என் புள்ளையை விட்டுடச் சொல்லுங்க" என்றாள்.

சீக்காளி எழுந்து வந்து அவள் கன்னத்தைத் துடைத்தாள். "அவ பிடிக்கலை கண்ணு. உக்கார இடந்தான் கேக்குறா. அந்த வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு காலி நாற்காலி. அது பாப்பாவுக்குன்னு அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் ரொம்ப நாளா ஏங்கிக் கிடக்கா. ரெண்டு புள்ளையும் ஒண்ணையொண்ணு பாத்துப் பயந்துக்கிட்டு இருக்குதுங்க."

"நீங்க வாங்கக்கா, போவோம்."

"இதுக்கு வீடில்லைன்னு உன் காதால கேட்டியே. இதைத் தனியா விட்டுட்டு வரச் சொல்றியா?"

சரி, அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாத்தனார் அதற்காகத்தான் காத்திருந்தாள் என்று தம்பி மனைவிக்கு அந்தக் கண்ணிலேயே தெரிந்தது. கை தானாக வயிற்றுக்குப் போனது. அவள் சொல்லவில்லை. சீக்காளி, அது சரிதான் என்பதுபோலத் தலையசைத்து, துணி ரொம்ப நேரம் ஊறினால் சாயம் போய்விடும், போனதும் அலசிப் போட்டுவிடு என்று அனுப்பிவைத்தாள்.

திரும்பும் வழியில், பஸ் முதல் வளைவு திரும்புவதற்குள், வயிற்றுப்பிள்ளை உதைத்த உதையில் முந்தானை துள்ளியது. பக்கத்தில் இருந்தவள் பார்த்துச் சிரித்து, பையனா பெண்ணா என்று கேட்டாள். தம்பி மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

தம்பி இரண்டு மூன்று தடவை போய் அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தான். கோபித்தான், கெஞ்சினான், சொந்த வீட்டுக்கு வர உனக்கு வெற்றிலை பாக்கு வைக்கணுமா என்றும் கேட்டான். அவள் அசையவில்லை. பாப்பாவுக்கு நெஞ்சு சளி வந்தால் மட்டும் உடனே சொல்லி அனுப்பு, இருமல் எனக்குக் கைவந்த கலை என்றாள். டாக்டரம்மா அவளுக்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தாள். அந்தப் பாத்திரத்தைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டாள். வேலையை விடும்வரை ஒவ்வொரு மாலையும் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த அறைக்குப் போய், வாசலில் நின்றபடி ஏதாவது பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். சீக்காளியோடு பேசினது பாதி, மீதி யாரோடு என்று தெரியாது.

பிறந்தது பெண். வாயாடி. இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயது. விடுமுறை நாளில் தம்பியும் மனைவியும் அவளைக் கூட்டிக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போவார்கள். அறையில் இரண்டு நாற்காலி உண்டு. குழந்தை அத்தையின் மடியில்தான் ஏறும். காலியாக இருக்கும் நாற்காலியில் உட்காரும்மா என்று பெரியவர்கள் சொன்னதில்லை, உட்காராதே என்றும் சொன்னதில்லை. அது ஒருநாளும் அதில் உட்கார்ந்தது இல்லை. கிளம்பும்போது இரண்டு தடவை கையசைக்கும். தம்பி மனைவி அந்த நேரத்தில் குனிந்து செருப்பை மாட்டிக்கொள்வாள்.

சீக்காளிக்கு இப்போது மூட்டு நிஜமாகவே வலிக்கிறது. வாரத்தில் சில நாள் மட்டும் பித்தப்பைக் கல்லுக்கும் மூச்சுத்திணறலுக்கும் படுக்கிறாள். பயிற்சிக் கல்லூரியின் பின்பக்கத்தில், மருந்துக் கிடங்குக்கு அடுத்த அறையில் இருக்கிறாள்.